பருவம் தப்பி வரும் தேர்தல்

2019 ஏப்ரல் 18 அன்று அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் வாக்குச்சாவடிக்குப் போனவர்கள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பினார்கள். அது நாடாளுமன்றத்துக்கான வாக்கு. அவர்களைச் சுற்றியிருந்த வானம் பார்த்த பூமியில், மேற்கே சாத்தூரிலும் வடகிழக்கே மானாமதுரையிலும் கிழக்கே பரமக்குடியிலும் தெற்கே விளாத்திகுளத்திலும், அன்று ஆளுக்கு இரண்டு பொத்தான். இரண்டாவது, சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. மே 23-இல் பெட்டி திறந்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. இந்த நான்கு சட்டமன்றத் தொகுதிகளையும் உள்ளடக்கிய நாடாளுமன்றத் தொகுதிகளான விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம், தூத்துக்குடி நான்கிலும் திமுக அணிதான் வென்றது: மாணிக்கம் தாகூர், கார்த்தி சிதம்பரம், நவாஸ் கனி, கனிமொழி. இடைத்தேர்தல் நடந்த நான்கு சட்டமன்ற இடங்களிலும் வென்றதோ ஆளுங்கட்சியான அதிமுக. தமிழ்நாடு முழுக்க அந்தச் சுற்றில் இடைத்தேர்தல் நடந்த 22 இடங்களில் திமுக 13, அதிமுக 9. அந்த ஒன்பதில் நான்கு இந்தக் கரிசல், செவல் காட்டிலிருந்து போனவை. எடப்பாடி பழனிசாமியின் அரசு 2021 வரை நீடித்ததற்கு இந்த நான்கும் முட்டுக் கொடுத்தன. இரண்டே ஆண்டில், 2021 பொதுத்தேர்தலில், நான்கும் திமுக அணிக்குப் போய்விட்டன.

இடைத்தேர்தல் முடிவு வந்ததும் அதை வைத்து அடுத்த ஆட்சிக்கு ஜாதகம் கணிப்பது நம் அரசியல் எழுத்தின் பழைய வழக்கம். மேலே சொன்ன விவரம் அந்த வழக்கத்தை ஓரளவுக்காவது கலைக்க வேண்டும். அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சுற்றியுள்ள வறண்ட நாட்டில் கடந்த எழுபதாண்டுகளில் நடந்த இடைத்தேர்தல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், மாநிலத்தின் மனநிலைக்கு அவை நல்ல சாட்சிகளே இல்லை என்பது என் வாதம். ஒரு தொகுதிக்கும் அன்றைய அதிகாரத்துக்கும் அந்த நேரத்தில் என்ன உறவு இருந்தது என்பதைத்தான் அவை சொல்கின்றன. அந்த உறவைப் படிப்பதற்கு, யார் வென்றார் என்பதைவிட இடம் ஏன் காலியானது என்ற கேள்வி கூடுதலாக உதவுகிறது.

காலியாவதற்குச் சட்டம் பல வழிகளை வைத்திருக்கிறது: மரணம், ராஜினாமா, தகுதிநீக்கம், நீதிமன்றம் வெற்றியைச் செல்லாததாக்குவது, இரண்டு இடங்களில் வென்றவர் ஒன்றை விடுவது. காலியான ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்ற பிரிவு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996-இல்தான் சேர்ந்தது. அவையின் எஞ்சிய காலம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் நடத்தத் தேவையில்லை என்ற விலக்கும் அதிலேயே உண்டு. ஒருவர் எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்ததும் அதே ஆண்டில்தான். இவை தவிர, உறுப்பினராக இல்லாத ஒருவர் அமைச்சராகி ஆறு மாதத்துக்குள் அவைக்கு வரலாம் என்கிற அரசியலமைப்புச் சட்டத்தின் 164-ஆம் கூறு இருக்கிறது. பிரிட்டனில் 1926 வரையிலும் கனடாவின் நடுவண் நாடாளுமன்றத்தில் 1931 வரையிலும் நிலைமை இதற்கு நேர்தலைகீழ். அங்கே உறுப்பினர் ஒருவர் அமைச்சரானால் பதவியை விட்டுவிட்டுத் தன் தொகுதிக்குத் திரும்பிப் போய் மறுபடி வாக்குக் கேட்க வேண்டும். அரசனிடம் சம்பளம் வாங்கப் போகிறவனை மக்கள் இன்னொரு முறை சோதிக்கட்டும் என்பது அதன் தத்துவம். நம்மூரில் அதிகாரம் முதலில் வரும், வாக்கு அதன் பின்னால் வரும். கனடாவிலும் இந்தப் பின்வாசல் அடைபட்டுவிடவில்லை. 2013-இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண முதல்வர் கிறிஸ்டி கிளார்க் கட்சியை ஜெயிக்க வைத்துவிட்டுத் தன் தொகுதியில் தோற்றார். இரண்டு மாதத்தில் கெலோனா பக்கம் ஓர் இடத்தைக் காலிசெய்ய வைத்து இடைத்தேர்தலில் அவைக்கு வந்து சேர்ந்தார்.

விருதுநகர்க்காரரான காமராசர் 1954 ஏப்ரலில் முதல்வரானபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினர். அவருக்கு முன்பிருந்த ராஜாஜி 1952-இல் மேலவை வழியாக வந்தவர். பின்னால் 1967-இல் அண்ணாவும் மேலவை வழியைத்தான் எடுத்தார். காமராசர் வாக்குப்பெட்டி வழியைத் தேர்ந்துகொண்டார். அவருக்குக் கிடைத்த காலியிடம் சொந்தச் சீமையிலிருந்து வெகுதூரத்தில், வடாற்காட்டுக் குடியாத்தத்தில் இருந்தது. பெரியாரின் ஆதரவும் அண்ணாவின் ஆதரவும் சேர, கம்யூனிஸ்ட் வேட்பாளரை வென்றார். 1957-இல்தான் சாத்தூருக்குத் திரும்பினார். குடியாத்தத்தில் அன்று காங்கிரஸ் பெற்ற வெற்றியை மாநிலம் காங்கிரசுக்குக் கொடுத்த சான்றிதழாக யாராவது வாசித்தால் தவறிப்போவார்கள். திராவிட இயக்கத்தவர்கள் ராஜாஜி போனதற்குச் செலுத்திய நன்றிக்கடன் அது. ஒரே முடிவுக்குள் இப்படி வேறொரு கணக்கு ஒளிந்திருப்பது இடைத்தேர்தல்களில் அடிக்கடி நடக்கிறது.

இந்த வறண்ட நாட்டில் நடந்த இடைத்தேர்தல்களில் மிகக் கனமானது 1957 ஜூலையில் நடந்த முதுகுளத்தூர் இடைத்தேர்தல். அதன் காலியிடம் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் உண்டாக்கியது. 1952-இல் அருப்புக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் அவர் வென்றார். நாடாளுமன்றத்தை விட்டுச் சட்டமன்றத்தை வைத்துக்கொண்டார். 1957-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் முதுகுளத்தூரிலும் வென்று, இம்முறை நாடாளுமன்றத்தை வைத்துக்கொண்டு சட்டமன்றத்தை விட்டார். ஆக ஐந்தாண்டுக்குள் இந்த வறண்ட நாட்டு மக்கள் ஒரே தலைவர் விட்ட இடத்துக்காக இரண்டு முறை வாக்களிக்க நேர்ந்தது. முதுகுளத்தூரில் அவருடைய ஃபார்வர்டு பிளாக் கட்சியின் சசிவர்ணத் தேவர் வென்றார். ஆளுங்கட்சி தோற்றது, அதுவும் முதல்வர் காமராசர் அன்றைய ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்ணில் பிறந்தவர் என்ற நிலையில். ஆளுங்கட்சிதான் எப்போதும் இடைத்தேர்தலில் ஜெயிக்கும் என்கிற சூத்திரத்தை ஏற்பவர்கள் இந்தத் தோல்வியை விளக்கியாக வேண்டும். என் பார்வையில் விளக்கம் அந்தக் காலியிடத்திலேயே இருக்கிறது. தேவர் விட்டுப்போன இடம் யாருடைய சொத்து என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி. அரசாங்கம் அங்கே கொடுக்கும் கையாகத் தெரியவில்லை. ஒரு பக்கத்துக்கு எதிரியாகவும், அதுவரை ஒடுக்கப்பட்டிருந்த இன்னொரு பக்கத்துக்குத் துணையாகவும் தெரிந்தது. வாக்கு எண்ணி முடித்த பிறகும் தேர்தல் முடியவில்லை. மறவர்களுக்கும் தேவேந்திரர்களுக்கும் இடையே ஊர் ஊராக மோதல் மூண்டது. செப்டம்பர் 10-இல் முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் கலந்துகொண்ட தேவேந்திரர் தலைவர் இம்மானுவேல் சேகரன் மறுநாள் இரவு பரமக்குடியில் கொல்லப்பட்டார். 14-ஆம் தேதி கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். அதே மாதக் கடைசியில் கைதான தேவர் 1959-இல் விடுதலையானார். ஓர் இடத்துக்கு நடந்த தேர்தல் அந்த இடத்தின் வாக்காளர்களை ஒருவருக்கெதிராக ஒருவராக நிறுத்தியதை இவ்வளவு கொடூரமாகக் காட்டிய இன்னொரு இடைத்தேர்தல் தமிழ்நாட்டு வரலாற்றில் இல்லை. பொதுத்தேர்தலில் பகை மாநிலம் முழுக்கப் பரவி நீர்த்துப்போகும். இடைத்தேர்தலில் அது ஒரே வட்டாரத்தின் தெருக்களுக்குள் தேங்கி நிற்கிறது.

அருப்புக்கோட்டையின் சொந்த இடைத்தேர்தலுக்குக் காரணம் ஒரு மரணம். 1996-இல் திமுக சார்பில் வென்று அமைச்சராகவும் இருந்த வே. தங்கபாண்டியன் 1997-இல் காலமானார். அதற்குப் பின் வந்த இடைத்தேர்தலில் அவருடைய மகன் தங்கம் தென்னரசு வென்று முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குப் போனார். திமுக அப்போது ஆளுங்கட்சி. 2001 பொதுத்தேர்தலில் தொகுதி அதிமுகவுக்குப் போயிற்று. 2006-இல் மறுபடி அவருக்கே வந்தது. தொகுதி மறுவரையறைக்குப் பின் 2011 முதல் திருச்சுழியில் தொடர்ந்து வென்றார்; 2006-க்குப் பிந்தைய திமுக ஆட்சிகளில் பள்ளிக்கல்வி, தொழில், நிதி என்று துறைகளை வகித்தார். இடைத்தேர்தல் இப்படி வாரிசுக்கு வாசல் திறப்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். அது குறைதான். ஆனால் துக்கம் மட்டும் ஓட்டாகிவிடாது என்பதற்கு 2001-இன் தோல்வியே ஆதாரம். துக்கத்தோடு ஆட்சியும் கூட நின்றபோது வாக்கு விழுந்தது; துக்கம் பழசாகி ஆட்சியும் கைவிட்டுப் போகிற நேரத்தில் விழவில்லை.

இந்த வரிசையோடு திருமங்கலத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்று அருப்புக்கோட்டையும் திருமங்கலமும் விருதுநகர் என்ற ஒரே நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருப்பவை. மதிமுக உறுப்பினர் வீர இளவரசன் இறந்ததால் வந்த 2009 ஜனவரி இடைத்தேர்தலில் ஆளும் திமுகவின் லதா அதியமான் 39,266 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்; நூற்றுக்கு 88 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். 2011-இல் அதே தொகுதி அதிமுகவிடம் போனது. அதே 2009 ஆகஸ்டில் இளையான்குடி உட்பட ஐந்து தொகுதிகளில் இடைத்தேர்தல் வந்தபோது அதிமுக போட்டியிடாமலே ஒதுங்கிக்கொண்டது. இரண்டு ஆண்டில் மாநிலத்தையே பிடித்தது. தோற்பதற்காக ஏன் செலவழிக்க வேண்டும் என்று ஒரு பெரிய கட்சி முடிவு செய்யும்போது, இடைத்தேர்தலை அது ஆரூடமாக நினைக்கவில்லை என்று தெரிகிறது. 2024 விக்கிரவாண்டியிலும் 2025 ஈரோடு கிழக்கிலும் அதிமுக எடுத்த முடிவும் இந்த வகைதான். கட்சிகளுக்குத் தெரிந்தது கட்டுரையாளர்களுக்கு ஏன் தெரிவதில்லை என்பது தனிக் கதை.

அருப்புக்கோட்டை, திருமங்கலம், சாத்தூர், மானாமதுரை, பரமக்குடி, விளாத்திகுளம் ஆறு இடங்களிலும் ஆளுங்கட்சி இடைத்தேர்தலில் வென்றது. ஆறையும் அடுத்த பொதுத்தேர்தலில் இழந்தது. திருப்பரங்குன்றம் இதற்கு எதிர்ப்பாட்டு. 2016 நவம்பரில் அதிமுகவின் ஏ.கே. போஸ் அங்கே வென்றார், 2018-இல் இறந்தார், அவர் இறந்த பிறகு 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவருடைய வெற்றியே செல்லாது என்றது. அதே ஆண்டு மே மாத இடைத்தேர்தலில் எதிர்க்கட்சியான திமுக பிடித்தது. 2021-இல் மாநிலம் திமுகவுக்குப் போனது, திருப்பரங்குன்றமோ அதிமுகவுக்குத் திரும்பியது. இந்த ஏழு இடங்களையும் வைத்து அடுத்த பொதுத்தேர்தலைச் சொல்ல விரும்பும் சோதிடர் முடிவைத் தலைகீழாகப் பிடித்துச் சொன்னால் பிழைப்பார்.

ஏன் இப்படி? வைகைப் பாசனமும் தாமிரபரணியும் பெரும்பாலும் எட்டாத இந்த மேட்டு நிலத்தில் வெள்ளாமை கம்மாயையும் வானத்தையும் நம்பியது. திருச்சுழி வழியாகப் போகும் குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கு நூல் விலை, கரிசல் காட்டுக்காரருக்குப் பயிர்க் காப்பீடு, ஊர்க்காரருக்குக் குடிதண்ணீர்க் குழாய், கம்மாய் மராமத்து, சீமைக் கருவேலம் அகற்றுவது, நூறு நாள் வேலை: வாழ்க்கையின் பல முடிச்சுகள் அரசாங்க அலுவலகங்களில்தான் அவிழ்கின்றன. 2018-இல் ஒன்றிய அரசு பின்தங்கியவை என்று பொறுக்கி ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பெயரிட்ட பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டே: விருதுநகர், இராமநாதபுரம். இப்படிப்பட்ட ஊருக்கு ஐந்தாண்டில் ஒருமுறை அதிகாரம் அருகில் வருவது பொதுத்தேர்தலில். அப்போதும் 234 தொகுதிக்கும் சேர்ந்தே வரும், யார் கண்ணிலும் இந்த ஊர் தனியாகப் படாது. இடைத்தேர்தலிலோ பாதி மந்திரிசபையே ஒன்றியத்துக்கு ஒருவராக முகாம் போட்டு உட்காருகிறது. தெருப்பெயர் கூடத் தெரியாதவர்கள் தெருவில் நிற்கிறார்கள். அதிகாரத்தின் மடியில் இருப்பது என்றால் என்ன என்று இந்த நாட்டுக்குத் தெரியாததும் இல்லை. காமராசர் 1957 முதல் சாத்தூர் உறுப்பினராகவே முதல்வராக இருந்தார்; 1977-இல் எம்.ஜி.ஆர். முதன்முதலாக முதல்வரானது அருப்புக்கோட்டை உறுப்பினராகத்தான், 1980-இல் அவர் மதுரை மேற்குக்குப் போகும் வரை. இடைத்தேர்தலில் மிச்சமிருக்கும் ஆட்சிக்காலம் எவ்வளவு என்பது வாக்காளருக்குத் தெரியும். அந்தக் காலத்துக்கு ஆட்சிக்காரனோடு இருப்பதா எதிர்க்கட்சிக்காரனை அனுப்புவதா என்பது அவர் போடும் கணக்கு. 2019-இல் ஒரே நாளில் இரண்டு பொத்தானுக்கு இரண்டு விதமான முடிவு வந்ததற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. டெல்லியில் யார் என்பது ஒரு கேள்வி. கோட்டையில் இன்னும் இரண்டு வருடம் யாரிடம் மனு கொடுப்பது என்பது வேறு கேள்வி.

இதை மறுப்பவர்கள் முதலில் பணத்தைச் சொல்வார்கள். வாக்குக்குப் பணம் கொடுப்பதற்கு ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற சொல்லையே அரசியல் அகராதிக்குக் கொடுத்தது இந்தப் பக்கத்து மண். கவர், டோக்கன், பட்டுவாடா என்று அதன் சொற்கள் பிறகு மாநிலம் முழுக்கப் போயின. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் ராதாகிருஷ்ணன் நகரிலும் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவையே ரத்து செய்தது. பணம் இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் பணம் மட்டுமே முடிவைத் தீர்மானிக்கிறது என்றால், பணம் குறையாத 2019-இல் ஆளுங்கட்சி ஏன் 22-இல் 13 இடங்களைத் தோற்றது? ராதாகிருஷ்ணன் நகரில் 2017 டிசம்பரில் மறுபடி தேர்தல் நடந்தபோது ஆளுங்கட்சியையும் எதிர்க்கட்சியையும் தள்ளிவிட்டுச் அதிமுகவிலிருந்து பிரிந்து சுயேச்சையாக நின்ற தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் எப்படி வென்றார்? அங்கே ஆளுங்கட்சி எது என்பதே வாக்காளர் மனதில் தெளிவில்லாமல் இருந்தது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். வாங்கிய பணத்துக்கும் போட்ட ஓட்டுக்கும் இடையில் ஒரு மனிதர் யோசிக்கிறார். அந்த யோசனையை விலைக்குறிப்பாகச் சுருக்குவது சோம்பேறித்தனம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. 1963 திருவண்ணாமலை இடைத்தேர்தலில் திமுக வென்றது, நான்காண்டில் ஆட்சிக்கு வந்தது. 1973 மே மாதம் அன்றைய மதுரை மாவட்டத்துத் திண்டுக்கல்லில் நாடாளுமன்ற இடைத்தேர்தல். தொடங்கி ஏழே மாதமான அதிமுகவின் மாயத்தேவர் இரட்டை இலையில் வென்றார். பழைய காங்கிரஸ் இரண்டாவது, மாநிலத்தை ஆண்ட திமுக மூன்றாவது, நாட்டை ஆண்ட இந்திரா காங்கிரஸ் நான்காவது. 1977-இல் எம்.ஜி.ஆர். முதல்வர். ஆரூடம் பலிக்கவில்லையா? பலித்தது. ஆனால் பலித்தவற்றை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். 2005-இல் காஞ்சிபுரத்தையும் கும்மிடிப்பூண்டியையும் ஆளும் அதிமுக வென்றது, அடுத்த ஆண்டே ஆட்சியை இழந்தது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. திண்டுக்கல் நாடாளுமன்ற இடம் என்பதையும் மறக்கக் கூடாது. மாநில அரசு அங்கே தன் மிச்சக் காலத்தைப் பேரமாக வைக்க முடியவில்லை. ஆளுங்கட்சியிலிருந்து உடைந்து வந்த ஒருவர் நாளைய ஆட்சிக்காரராகத் தெரிந்தபோது, வாக்காளர் இன்றைய அதிகாரத்தை விட்டு நாளைய அதிகாரத்தோடு கணக்குப் போட்டார். கணக்கு அதேதான், எதிரில் நின்ற ஆள் மாறினார்.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆட்சிக்காரனோடு இருக்கும் கணக்கு பொதுவானதென்றால், 2019-இல் ஏன் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் அது வேலை செய்யவில்லை, சாத்தூரிலும் பரமக்குடியிலும் மட்டும் வேலை செய்தது? ஒரு பகுதி விடை, 22 இடங்களுக்கு ஒரே சமயத்தில் நடப்பது இடைத்தேர்தல் என்ற தன்மையையே இழந்துவிடுகிறது என்பது; மந்திரிகளும் 22 பக்கம் சிதறுகிறார்கள். இன்னொரு பகுதி, எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து தென் மாவட்டங்களில் அதிமுகவுக்கு இருந்த சாதி சார்ந்த அடித்தளம். இதை ஒதுக்கிவிட்டு வெறும் ஆட்சிக் கணக்கை மட்டும் பேசுவது நேர்மையில்லை. ஆனாலும் அந்த அடித்தளம் அன்று பிளந்து கிடந்தது. விளாத்திகுளத்தில் மார்க்கண்டேயன் அதிமுகவை விட்டு வந்து சுயேச்சையாக நின்றார். பின்னர் 2021-இல் திமுக சார்பில் வென்றவரும் அவரே. சாத்தூரில் தகுதிநீக்கத்தில் பதவி இழந்த பழைய உறுப்பினரே தினகரனின் அமமுக சார்பில் நின்று மூன்றாவதாக வந்தார். அப்படிப் பிரிந்தும் ஆளுங்கட்சி ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் கரையேறியது. சாதி அடித்தளம் மட்டும் போதுமென்றால் இந்தப் பிளவில் அது கவிழ்ந்திருக்க வேண்டும். ஆட்சிக் கணக்கு மட்டும் போதுமென்றால் வித்தியாசம் இத்தனை குறைந்திருக்காது.

சாத்தூர், மானாமதுரை, பரமக்குடி, விளாத்திகுளம் ஆகிய நான்கு தொகுதிகளின் உறுப்பினர்களும், தினகரன் பக்கம் நின்றதால் 2017 செப்டம்பர் 18-இல் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்த 18 பேரில் உள்ளவர்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளிடம் இரண்டாகப் பிரிந்து, மூன்றாவது நீதிபதியிடம் போய், 2018 அக்டோபர் 25-இல் தகுதிநீக்கம் சரி என்று முடிந்தது. தேர்தல் நடந்த நாளுக்குள் சரியாகப் பத்தொன்பது மாதம் ஓடிவிட்டது. ஆறு மாதம் என்ற சட்டத்தின் வரம்பு மூன்று மடங்கு கடந்தது. அந்தக் காலத்தில் சாத்தூருக்கும் பரமக்குடிக்கும் சட்டமன்றத்தில் நாற்காலி காலி. கம்மாய் மராமத்துக்கு மனு எழுதுகிறவர் கட்சிக்காரரைப் பிடித்தோ நேரே ஆட்சியரிடம் போயோ கொடுக்க வேண்டியிருந்தது. பத்தொன்பது மாதம் ஆளில்லாமல் இருந்தவர்கள் ஆட்சியில் இருக்கும் கட்சியின் ஆளை அனுப்பியதை எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் துரோகம் என்று பேசினால், அந்தப் பத்தொன்பது மாதத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். முதல்வர் காமராசரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய குடியாத்தமும் அந்தப் பதினெட்டில் ஒன்று. 2019-இல் அங்கே வென்ற திமுகவின் காத்தவராயன் 2020 பிப்ரவரியில் இறந்தார். அவையின் காலம் முடிய ஓராண்டுக்கும் மேல் இருந்தது. கொரோனா வந்தது, இடைத்தேர்தல் வரவில்லை. 2021 மே வரை அந்த நாற்காலியும் காலியாகவே கிடந்தது.